பல்லவனும் வெளியூர்க்காரன்தான்!

ஆலங்குடியிலிருந்து திருச்சிக்குப் பொறியியல் படிக்கப் போன புதுசில் ஊரே பிடிக்கலை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானா புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடிச்சு ஓடிருவேன்.

மூணாம் வருஷம்தான் மலைக்கோட்டை மேல் குடைவரையை நின்னு பார்த்தேன். 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைஞ்சது. தூணில் இருக்கிற வடமொழிக் கல்வெட்டுல ஒரு சுவாரஸ்யமான சேதி: ஆறுன்னா பிரியப்படும் சிவன் எங்கே காவிரிகிட்ட மயங்கிடுவாரோன்னு பயந்து, அவள் பல்லவனுக்குப் பிரியமானவள்னு சொல்லிக்கிட்டு, பார்வதி இந்த மலையிலேயே தங்கிட்டாளாம்!

காஞ்சிபுரத்து ராஜாவே காவிரியைப் பார்த்துக் கவுந்துட்டான். நானெல்லாம் எம்மாத்திரம்?

அடிக்கடி மலையேறி ஆத்தைப் பார்க்க ஆரம்பிச்சேன். ஒரு சனிக்கிழமை அம்மா போன்ல, "என்னப்பா, இந்த வாரம் வரலையா?"ன்னு கேட்டாங்க. அப்பதான் உறைச்சது, வெள்ளிக்கிழமையை மறந்தே போயிருந்தேன்.