நீலச் சட்டையும் நிலவறை விடுதியும்



ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுதல் மரபு. ஆயின் மக்கள் உடுத்த உடையும், அவர்கள் கூடியிருந்து உண்டு, குடித்து, பேசிக் களித்த இடங்களும் வரலாற்றுச் சான்றுகளே. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் கல்லூரியை விட்டு முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், தம் கல்லூரிக் கூடைப்பந்தாட்டக் குழுவின் நிறம் தாங்கிய சட்டையை விரும்பி அணிவோர் பல இலட்சம் பேர். அச்சட்டை விளையாட்டார்வத்தை மட்டும் காட்டுவதன்று. மாணவப் பருவத்தில் நண்பரோடு கூடியிருந்த பழைய விடுதியொன்றின் நினைவும் அதனுள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. அந்நினைவில் எது நிலைத்தது, எது விடுபட்டுப் போயிற்று என்பதைச் சப்பல் ஹில் என்னும் ஊரின் கதையைக் கொண்டு இன்று நோக்குவோம்.

சப்பல் ஹில், வட கரோலினா மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ளது. அங்குள்ள பல்கலைக்கழகம் 1789ஆம் ஆண்டிற் பட்டயம் பெற்று, 1795இல் மாணவரை ஏற்றுக்கொண்டது. அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களுள் முதன்முதல் வாயில் திறந்தது அதுவே. அதே 1795இல் மாணவர்கள் இரண்டு சொற்போர்க் கழகங்களை அமைத்தனர். ஒரு கழகத்தார் வெளிர் நீலத்தையும், மற்றக் கழகத்தார் வெண்மையையும் தம் நிறமாகக் கொண்டனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து, 1888ஆம் ஆண்டளவில் விளையாட்டுக் குழுக்களுக்கு நிறம் தேடியபொழுது, அவ்விரு கழகங்களின் நிறங்களும் ஒருங்கே எடுத்துக்கொள்ளப்பட்டன. இன்று உலகெங்கும் கரோலினா நீலம் என அறியப்படும் நிறம், பந்தாட்டத்திலிருந்து பிறந்ததன்று, சொல்லாட்டத்திலிருந்து பிறந்தது.

கூடைப்பந்தாட்டத்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் 1891 டிசம்பரில், மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில் வகுத்தார். பனிக்காலத்தில் வெளியே விளையாட இயலாத மாணவருக்கு, மண்டபத்தினுள் ஆடத்தக்க விளையாட்டொன்றை அளிப்பதே அவர் நோக்கம். இருபது ஆண்டுகளுக்குள் அது வட கரோலினாவை அடைந்தது. எனினும் அம்மாநில மக்களின் உள்ளத்தை அது முற்றாகக் கவர்ந்த நாள் 1957 மார்ச் 23 எனலாம். அன்றிரவு கன்சாஸ் நகரில் நடைபெற்ற தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியிலே, பிராங்க் மக்குவயர் பயிற்றிய வட கரோலினாக் குழு, நெடிதுயர்ந்த வில்ட் சேம்பர்லின் ஆடிய கன்சாஸ் குழுவை எதிர்த்தது. ஆட்டம் சமனாகி, மேலதிக நேரம் மூன்று முறை கொடுக்கப்பட்டது. ஈற்றில் 54க்கு 53 என்னும் ஒரே புள்ளி வேறுபாட்டால் வட கரோலினா வென்றது. அப்பருவத்தில் ஆடிய 32 ஆட்டங்களில் ஒன்றிலேனும் அது தோற்கவில்லை. தொலைக்காட்சி வழியே அதனைக் கண்ட மாணவர்கள் பிராங்க்ளின் வீதியிலே திரண்டனர். வெற்றி வந்தபொழுதெல்லாம் அவ்வீதியிற் கூடும் வழக்கம் அவ்வாறு வேரூன்றியது.

பிராங்க்ளின் வீதி, பல்கலைக்கழக வளவின் வட எல்லையை ஒட்டிச் செல்லும் கடைவீதி. மாணவர் கூடும் விடுதிகள் அதன் இரு மருங்கிலும், அதனோடு சேர்ந்த சந்துகளிலும் இருந்தன. இங்கு நாம் நம் நாட்டுத் தவறணையை மனத்திற் கொள்ளலாகாது. அவை பெரும்பாலும் உணவும் பீரும் ஒருங்கே கிடைத்த இடங்கள். அவற்றுள் 1948இல் அம்பர் சந்தில், நிலத்தின் கீழ் அமைந்த அறைகளிலே தொடங்கப்பட்ட ராத்ஸ்கெல்லர் பெயர்பெற்றது. அதைத் தொடங்கியவர், வியன்னாவிலிருந்து வந்து இவ்வூரிற் குடியேறிய டான்சிகர் குடும்பத்தவர். ஜேர்மன் நகரங்களில் நகர மன்றத்தின் கீழுள்ள நிலவறை விடுதிக்கு வழங்கிய பெயரையே அவர்கள் இதற்குச் சூட்டினர். மாணவர்கள் அதனைச் சுருக்கி ‘எலி’ என்றே அழைத்தனர். தந்தை உண்ட மேசையில் மகனும் உண்டான் என்று சொல்லத்தக்க விதமாகத் தலைமுறைகள் அங்கே மாறின. பின்னர் 1972இல் ‘அவர் இங்கில்லை’ என்னும் வேடிக்கைப் பெயருடன் மற்றொரு விடுதி தோன்றியது. அது பீர் வார்த்துக் கொடுக்கும் பெரிய நீலக் கிண்ணம் மாணவர்க்கு ஒரு நினைவுப் பொருளாயிற்று.

இவ்வளவும் இனிய கதை. பழைய மாணவர் பலர் கூறுவதும் இவ்வளவே. ஆயின் வரலாறு இங்கே ஒரு வினாவை எழுப்புகின்றது. அம்மேசைகளில் அமர எவர்க்கு உரிமை இருந்தது?

கறுப்பின இளநிலை மாணவர்கள் அப்பல்கலைக்கழகத்துட் புகுந்தது 1955இல். அதுவும் நீதிமன்றத்தின் ஆணையால். அன்று சேர்ந்தவர் மூவரே. 1957இன் வெற்றிக் களிப்பு வீதியை நிறைத்தபொழுது, அவ்வீதியின் உணவு விடுதிகள் பலவற்றிற் கறுப்பினத்தவர் அமர்ந்து உண்ண இடமில்லை. 1960 பெப்ரவரி 28ஆம் நாள், லிங்கன் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒன்பதின்மர், மேற்குப் பிராங்க்ளின் வீதியிலுள்ள மருந்துக் கடையொன்றினுட் சென்று, வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்ட இருக்கைகளில் அமர்ந்தனர். அவர்கள் பொருள் வாங்கலாம். ஆனால் அமரலாகாது என்பது அக்கடையின் வழக்கம். அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1963இலும் 1964இன் தொடக்கத்திலும் மறியல்கள் தொடர்ந்தன, நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். 1964 ஜூலையிற் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிய பின்னரே அக்கதவுகள் யாவர்க்கும் திறந்தன.

விளையாட்டரங்கின் கதையும் இதனோடு இணைந்தது. 1961இற் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற டீன் ஸ்மித், அச்சட்டம் வருமுன்னரே, கறுப்பின மாணவர் ஒருவரை உடனழைத்துச் சென்று வெள்ளையர் விடுதியொன்றில் உணவருந்தியவர். சார்லி ஸ்கொட் என்னும் வீரரை 1966இல் அவர் சேர்த்தார். உதவிப் பணம் பெற்று அங்கு விளையாடிய முதற் கறுப்பின வீரர் அவரே. நீலச் சட்டையை அணிந்து அவர் ஆட, அதே நீலத்தை அணிந்த கூட்டம் ஆரவாரித்தது. சட்டையின் பொருள் அன்று விரிந்தது. சொற்போர்க் கழகத்தார் நிறமாய்த் தொடங்கியது, அவர்கள் நினைத்தும் பாராதவர்க்கும் உரியதாயிற்று.

1982 மார்ச் 29ஆம் நாள், நியூ ஓர்லியன்ஸ் நகரில், முதலாம் ஆண்டு மாணவரான மைக்கேல் ஜோர்டன் இறுதி நொடிகளில் எறிந்த பந்தினால், ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகக் குழுவை 63க்கு 62 என வட கரோலினா வென்றது. பிராங்க்ளின் வீதி மீண்டும் நிறைந்தது. ஆயினும் பழைய விடுதிகளின் காலம் அதன்பின் நெடிது செல்லவில்லை. அந்நாள்வரை அம்மாநிலத்தில் 18 வயது நிரம்பியோர் பீர் வாங்கலாம். குடிபோதையில் வண்டி செலுத்திய இளைஞரால் நேர்ந்த மரணங்கள் நாடெங்கும் கவலையை எழுப்பியமையால், 1984இல் ஐக்கிய அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றியது. மது வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தாத மாநிலத்திற்கு, நெடுஞ்சாலைகளுக்கான மானியத்தில் ஒரு பங்கு மறுக்கப்படும் என்பது அதன் விதி. வட கரோலினா 1986இல் அவ்வயதை ஏற்றது. அச்சட்டத்தால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதே ஆய்வாளர் பலரின் முடிபு. ஆனால் பல்கலைக்கழக மாணவருட் பலர் 21 வயதுக்குக் குறைந்தோர் ஆதலின், அவர்களை நம்பியிருந்த விடுதிகளின் வருவாய் நாடெங்கும் சுருங்கியது. அதே 1986 ஜனவரியிற் பல்கலைக்கழகத்தின் தென்பகுதியிற் பெரிய புதிய அரங்கொன்று திறக்கப்பட்டது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரத்தக்க அவ்வரங்கு, பிராங்க்ளின் வீதியிலிருந்து தொலைவில் இருந்தது. கட்டட வாடகையும் ஆண்டுதோறும் ஏறிற்று. ஈற்றில், இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியுமுன், ராத்ஸ்கெல்லரும் கதவடைத்தது.

இடங்கள் மறைய, துணி பெருகியது. முன்னாளிற் கல்லூரிப் பெயர் பொறித்த சட்டையை எவரும் அச்சிட்டு விற்கலாம் என்ற நிலை இருந்தது. பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் சாம்பியன் என்னும் ஆடை நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் 1982இல் மேல் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பெயரும் சின்னமும் பல்கலைக்கழகத்தின் உடைமை என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியது. அவ்வுரிமையைப் பல கல்லூரிகளின் சார்பிற் கவனிக்கும் நிறுவனமொன்று 1981இலேயே தோன்றியிருந்தது. 1991இல், பிராங்க்ளின் வீதித் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகனும் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளருமாகிய அலெக்சாந்தர் ஜூலியன், குழுவின் சீருடைப் பக்கங்களிற் சாய்சதுரக் கோலத்தை அமைத்தார். அக்கோலமும் விரைவில் விற்பனைக்குரிய சட்டைகளில் ஏறியது.

இவ்வணிகமும் தன் வினாக்களைக் கொண்டு வந்தது. 1999 ஏப்ரலில் அப்பல்கலைக்கழக மாணவர்கள் நிருவாகக் கட்டடத்தினுள் அமர்ந்து, தம் கல்லூரிச் சட்டையைத் தைக்கும் தொழிற்சாலைகளின் பெயரையும் இடத்தையும் வெளியிடுமாறு கோரினர். தைப்போர் தொலைநாட்டார் என்பதை அவர்கள் மறந்திலர். உலகப் பெரு விளையாட்டு நிறுவனங்களுக்கான ஆடைகள் தைக்கப்படும் நாடுகளுள் நம் இலங்கையும் ஒன்றென்பதால், அவ்வினா நமக்கும் அயலதன்று. விளையாடிய மாணவர்க்கோ, தம் இலக்கம் தாங்கிய சட்டை விற்றாலும் அதிற் பங்கு கிடையாதிருந்தது. அவ்விதி தளர்ந்தது 2021இலேயே.

நேயர்களே, மறைந்த விடுதிக்காக ஒருவர் ஏங்குதல் குற்றமன்று. இளமையும் நட்பும் குடியிருந்த இடம் மறைந்தால் நெஞ்சம் வருந்தும். அவ்வருத்தத்துக்கு ஆறுதலாக ஒரு நீலச் சட்டை உதவுமாயின் உதவட்டும். ஆயினும் சட்டையில் அச்சிடப்படுவது வெற்றி பெற்ற ஆண்டு மட்டுமே. அதே வீதியில் அமரச் சென்று வழக்கை எதிர்கொண்ட ஒன்பதின்மரின் ஆண்டு அதில் இல்லை. அக்குறையைச் சப்பல் ஹில் நகரத்தார் உணர்ந்தனர். 2020 பெப்ரவரி 28இல், அந்நிகழ்ச்சிக்கு அறுபது ஆண்டு நிறைந்த நாளன்று, மேற்குப் பிராங்க்ளின் வீதியில் அவ்விடத்திலேயே ஒரு நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தனர். இன்று வெற்றி நாளில் நீலச் சட்டையுடன் அவ்வீதியில் திரளும் மாணவர்கள் அதனையும் கண்டு செல்லலாம்.