மண்ணைக் குனிந்து பார்ப்போம்!

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் புவியியல் கற்பித்தவன் நான். தமிழ்நாட்டின் மண் வகைகள் யாவை என்ற வினாவுக்கு, செம்மண், கரிசல், வண்டல், சரளை, உவர்மண் என்று எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் விடை எழுதிப்போட்டிருக்கிறேன். ஆனால், எங்கள் சொந்த வயலின் மண்ணை நான் அறிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகுதான். அதுவும் மாணவர்கள் தோண்டிய இரண்டடிக் குழியின் விளிம்பில் நின்றபோதுதான்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிப் பாசனத்தை நம்பிய சிற்றூர் எங்களுடையது. அருகிலுள்ள பள்ளி ஒன்றின் மாணவர்களை மண் ஆய்வுக்கு அழைத்துச் செல்லுமாறு என்னிடம் கேட்டார்கள். மண்வெட்டி, அளவு நாடா, கண்ணாடிப் போத்தல்கள், சிறிது வினிகர், கிராம வரைபடம், 'அ' பதிவேட்டின் நகல் ஆகியவையே எங்கள் கருவிகள். பலரும் கவனிப்பதில்லை, 'அ' பதிவேட்டில் புல எண், பரப்பு, தீர்வை ஆகியவற்றோடு 'மண் வயனமும் ரகமும்' என்றொரு பத்தியும் உண்டு. ரயத்துவாரி முறையில் தீர்வை விதிப்பதற்காக அன்றைய அதிகாரிகள் புலம் புலமாக மண்ணைத் தரம் பிரித்ததன் எச்சம் அது.

மண்ணை அறிய ஆய்வுக்கூடம் வரை போக வேண்டியதில்லை. ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துப் பட்டையாக நீட்டினால், நீளும் அளவே களியின் அளவைச் சொல்லிவிடும். நீளாமல் உதிர்ந்தால் மணல் மிகுதி. போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், முதலில் மணலும், சில மணி நேரத்தில் வண்டலும், ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்துக் களியும் அடுக்கடுக்காகப் படியும். வினிகர் விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. குழிச்சுவரில் சாம்பல் நிறமும் துருப் புள்ளிகளும் தெரிந்தால், ஆண்டின் ஒரு பகுதியில் அங்கே நீர் தேங்குகிறது என்று பொருள்.

அடுத்தடுத்த இரு வயல்களில் மாணவர்கள் குழி வெட்டினார்கள். பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே மண், ஒரே தரம். முதல் வயலில் ஒரு சாணுக்கு மேல் கருத்த, பொலபொலப்பான மேல்மண் இருந்தது. இரண்டாவதில் புல்லின் வேருக்குக் கீழேயே இறுகிய மஞ்சள் மண் தொடங்கிவிட்டது. 'ஐயா, பதிவேட்டில் இருக்கும் மண் இங்கே எங்கே போயிற்று?' என்று ஒரு மாணவி கேட்டாள்.

அந்த வயல் எங்களுடையது. தங்கையின் திருமணச் செலவுக்காக ஓரடி மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்கச் சம்மதித்தவன் நானே. 'நாலு வெள்ளத்தில் வண்டல் வந்து நிரம்பிவிடும்' என்றார் மண் வாங்கியவர். நானும் நம்பினேன். ஓரிரு அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன்தான் நான்! அதன்பின் எருவும் உரமும் ஏறின, விளைச்சல் ஏறவில்லை. மாணவர்களிடம் உண்மையைச் சொன்னேன். அன்று அவர்கள் கற்ற பாடங்களில் அதுவே முதன்மையானது என்று கருதுகிறேன்.

இவ்வகைக் கள ஆய்வு நமக்குப் புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயச் செய்தார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி உள்ளிட்ட ஊர்களைப் பற்றிய அந்த ஆய்வு 1918-இல் நூலாக வெளிவந்தது. 1930-களில் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. சில ஊர்களுக்கு அதன் பின்னரும் ஆய்வாளர்கள் சென்றனர். ஓர் ஊரின் நிலம் தலைமுறைதோறும் எவ்வாறு மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிவது, முதலில் யாரோ நடந்து சென்று குறித்துவைத்ததால்தான். பிரிட்டனிலும் 1930-களில் டட்லி ஸ்டாம்ப் என்ற புவியியலாளர், பள்ளி மாணவர்களையும் ஆசிரியர்களையும் கொண்டு புலந்தோறும் நிலப் பயன்பாட்டை வரைபடத்தில் குறித்தார். உலகப் போர்க்காலத்தில் உணவு உற்பத்தியைத் திட்டமிட அது உதவியது.

இன்று நம்மிடம் மண்வள அட்டை இருக்கிறது. 2015-இல் தொடங்கப்பட்ட அத்திட்டம் 12 கூறுகளைப் பரிசோதித்துச் சொல்கிறது. ஆனால், மண் எடுத்த விதம் தவறானால் அட்டையும் தவறாகும். வரப்போரம், மர நிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, நெல் வயலில் 15 செ.மீ. ஆழத்துக்குப் பல இடங்களில் மண்ணெடுத்துக் கலந்து, அதிலிருந்து அரை கிலோ அனுப்ப வேண்டும். இது விவசாயி வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நிலப் பயன்பாட்டை அரசு ஒன்பது வகையாகக் கணக்கிடுகிறது. காடு, மேய்ச்சல் நிலம், நடப்புத் தரிசு, நிகர சாகுபடிப் பரப்பு என நீளும் அந்தப் பட்டியலில், 'வேளாண்மை அல்லாத பயன்பாடு' என்ற வகைக்கு ஒரு நிலம் மாறுவது எழுத்தில் ஒரு வரி. களத்திலோ அது ஏரிக்கு நீர் வரும் வழியில் நடப்பட்ட மனைக் கற்கள். அதைக் கண்ணால் கண்ட மாணவனுக்கு, ஏரி ஏன் நிரம்பவில்லை என்று எவரும் விளக்கவேண்டிய தேவையிராது.

ஆண்டுதோறும் டிசம்பர் 5-ஆம் நாள் உலக மண் நாளில் கட்டுரைப் போட்டியும் உறுதிமொழியும் நடக்கின்றன. அவற்றோடு, ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியும் ஓர் ஊரைத் தேர்ந்து ஒருநாள் நடக்கட்டும். மூத்த விவசாயிகள் சொல்லும் மண் பெயர்களையும் குழியில் கண்டதையும் வரைபடத்தில் குறித்து, கிராம சபையில் வைக்கட்டும். மறு ஆண்டு அடுத்த வகுப்பு அதே இடங்களைப் பார்க்கட்டும். பெரிய செலவில்லை, வேண்டியவை ஒரு மண்வெட்டியும் ஒரு குறிப்பேடும்தான்.

எங்கள் வயலில் இப்போது ஏரி வண்டலும் தழையுரமும் இட்டுவருகிறேன். என் காலத்துக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பாது என்பதை அறிவேன். ஆயினும், அந்த மாணவர்களுள் ஒருவரேனும் நாளை மண்ணை விற்கச் சொல்லி வருபவரிடம் 'முடியாது' என்று சொன்னால், அன்று தோண்டிய குழி வீண் போகவில்லை.