இம்பாலா வாங்கியவர்களும் தீனி போட்டவர்களும்

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். பழைய சொகுசு கார் வாங்க நினைக்கும் யாரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய பென்ஸ் ஒன்று புது மாருதியின் விலைக்குக் கிடைக்கிறது என்றால் யாருக்கும் சபலம் தட்டும். ஓய்வுபெற்றபோது கையில் வந்த பணத்தில் ஒரு பங்கை அதில் போடலாமா என்று என் வயதுக்காரர்களே யோசிக்கிறார்கள். இந்த ஆசை நம் நாட்டுக்குப் புதிது இல்லை. அதன் பழைய கதையைத் தெரிந்துகொண்டால் இன்றைய கணக்கு சுலபமாகப் புரியும்.

ஒரு காலத்தில் அமெரிக்கக் கார்கள் நம் ஊர்ச் சாலைகளில் சாதாரணமாக ஓடின. ஜெனரல் மோட்டார்ஸ் 1928லேயே பம்பாயில் பாகங்களை இறக்கிப் பூட்டி செவர்லே விற்றது. ஃபோர்டும் இருந்தது. வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1947 முதல் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. கிராமத்தில் பிளசர் கார் என்று சொன்னது பெரும்பாலும் இந்த மாதிரி வண்டிகளைத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இடமில்லை, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்றது. 1950களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. மிஞ்சியவை அம்பாசடர், ஃபியட், நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு. இவற்றுக்கும் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் ஓட்டிய ஃபியட்டை வாங்கிய விலைக்கு மேலே விற்ற காலம் அது.

அப்படியானால் 1960களில் இம்பாலா எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தூதரகங்கள் வழியாகத்தான். வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகள் வரியில்லாமல் கார் கொண்டுவரலாம். ஊருக்குத் திரும்பும்போது அதை இஷ்டப்பட்டவருக்கு விற்க முடியாது. 1956ல் தொடங்கிய அரசின் எஸ்.டி.சி., அதாவது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன், அந்தக் கார்களை எடுத்துக்கொண்டு நம் ஆட்களுக்கு விற்றது. மில் முதலாளிகளும் சினிமாக்காரர்களும் போட்டி போட்டு வாங்கினார்கள். வேறொருவர் ஓட்டிவிட்டுப் போன பழைய வண்டிதான். ஆனாலும் ஊரில் இல்லாத பொருள் என்பதால் விலை எகிறியது.

செவர்லே இம்பாலா 1958ல் வந்த மாடல். 1965ல் மட்டும் அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அங்கே அது நடுத்தரக் குடும்பத்தின் கார். இங்கே மகாராஜா வாகனம். நீளம் ஏறக்குறைய 18 அடி. அம்பாசடரோ 14 அடிதான். அம்பாசடர் எஞ்சின் 1489 சி.சி. என்றால், இம்பாலாவின் எட்டு சிலிண்டர் எஞ்சின்களில் சிறியதே 4600 சி.சி.யைத் தாண்டும். மவுண்ட் ரோட்டில் அது போகும்போது நடைபாதையில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். சத்தமே இல்லாமல் படகு மாதிரி மிதந்து போகும்.

1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர் வந்தது. மூன்று டாலர் அளவில் இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரைத் தொட்டது. பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து வாஜ்பாய் நாடாளுமன்றத்துக்கு மாட்டு வண்டியில் போனது அந்த நவம்பரில்தான். லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது என்றிருந்த வண்டிகளை வைத்திருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். வாங்கும்போது கொடுத்த பெரிய தொகை ஒரே ஒரு தடவைதான். தீனிச் செலவு தினமும் வந்தது.

சிலர் வண்டியை ஷெட்டில் நிறுத்தித் துணி போட்டு மூடினார்கள். சிலர் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்தினார்கள். செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி தயாரித்த பெர்கின்ஸ் எஞ்சின் நாடெங்கும் இந்த வேலைக்கு உதவியது. படகு போல மிதந்த பிளிமத்தும் டாட்ஜும் அதன்பின் லாரி மாதிரி கடகடத்தன. ஒரிஜினல் பாகம் கிடைக்காதபோது புதுப்பேட்டையில் தேடி எடுத்ததையோ, லேத்தில் கடைந்ததையோ வைத்து மெக்கானிக்குகள் ஒப்பேற்றினார்கள். அந்த வண்டிகளில் எல்லாமே இரும்பும் ரப்பரும் என்பதால் அது முடிந்தது.

1991க்குப் பிறகு காட்சி மாறியது. 1995ல் புனேயில் பூட்டிய பென்ஸ் ஈ கிளாஸ் விற்பனைக்கு வந்தது. பிறகு பி.எம்.டபிள்யூ, ஆடி எல்லாம் வந்தன. புது மாடல் அடிக்கடி வருவதால் பழையதைக் கேட்பாரில்லை. அன்று கிடைக்காததால் பழைய காருக்கு விலை ஏறியது. இன்று நிறையக் கிடைப்பதால் இறங்குகிறது. ஆனால் விலை இறங்குவதோடு செலவும் சேர்ந்து இறங்குவதில்லை. கார் கால் விலைக்கு வந்தாலும் அதன் பிரேக், டயர், ஹெட்லைட் எல்லாம் புதுக் காருக்கு உள்ள அதே விலைதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1998ல் வந்த பென்ஸ் எஸ் கிளாஸிலிருந்து பல சொகுசு வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள் உண்டு. வருஷம் ஆக ஆக ரப்பர் வெடித்துக் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிக் கடைசியில் அதுவும் எரிந்துபோகும். காலையில் பார்த்தால் வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். இதை லேத்தில் கடைந்து சரிசெய்ய முடியாது.

அரசாங்கக் கணக்கும் இருக்கிறது. சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய் என்று உயர்ந்தது. தமிழ்நாட்டில் பசுமை வரி தனி.

இவ்வளவு சொன்னதால் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் தலைமுறை தூரத்தில் நின்று பார்த்த ஒன்றில் ஒருநாள் உட்கார்ந்து போக ஆசைப்படுவதில் தப்பு இல்லை. பேரம் பேசும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். அந்த மாடலைப் பழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் நம் ஊரில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். வண்டியின் சர்வீஸ் பில்களை வாங்கி மூன்று வருஷச் செலவைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை உங்கள் பென்ஷனுக்குள் அடங்கினால் தாராளமாக வாங்கலாம். வைப்பு நிதியை உடைத்தால்தான் முடியும் என்றால், அந்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் நமக்கு விலை அதிகம்.