ரசீது யந்திரமும் நம் எழுத்தும்

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் நானறிந்த ஒரு சிறு மளிகைக் கடை. மாலை நெரிசலில் அங்கே ஒரு ரசீது வெளிவர ஒரு நிமிடம் ஆயிற்று. யந்திரம் பழுதென்றே கடைக்காரர் எண்ணினார். காரணமோ சரித்திரத்தில் இருந்தது.

1879-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, கல்லாவில் நிகழ்ந்த களவைத் தடுக்கத் தம் சகோதரருடன் பணப்பதிவு யந்திரத்தை அமைத்தார். கப்பலின் சுழல்விசிறி சுழலும் தடவைகளை எண்ணும் கருவியைக் கடற்பயணத்தில் கண்டதே அவருக்குத் தூண்டுதல். காகிதச் சுருளும் ரசீதும் பின்னர் வந்தவை. 1968-இல் ஜப்பானிலிருந்து ஈபி-101 என்னும் சிற்றச்சு யந்திரம் வந்தது.

இவற்றின் வழிவந்த யந்திரங்கள் பெரும்பாலானவற்றில் ரோமன் எழுத்து உள்ளேயே அமைந்திருக்கிறது. கன்னடமும் தமிழும் இல்லை. 80 மில்லிமீட்டர் தாளில் ஆங்கில வரி ஒன்றுக்கு 48 குறியீடுகள் போதும். நம் எழுத்தையோ கணிப்பொறி படமாகத் தீட்டிப் புள்ளி புள்ளியாக அனுப்புகிறது: வரிசைக்கு 576 புள்ளி, மில்லிமீட்டருக்கு 8 வரிசை. வினாடிக்கு 9,600 பிட் மட்டுமே செல்லும் சீரியல் கம்பியில் 10 சென்டிமீட்டர் ரசீதுக்கு ஒரு நிமிடம் ஆவது கணக்குப்படி சரியே.

இரு மொழிகளையும் நீக்கி ஆங்கிலத்தை மட்டும் வைக்கக் கடைக்காரர் துணிந்துவிட்டார். (எளிய வழிதான், அலுவலகங்களிலும் கண்டிருக்கிறேன்.) அதற்கு அவசியம் நேரவில்லை. கணிப்பொறி, அச்சு யந்திரம் இரண்டிலும் வேகத்தை 115,200 ஆக்கினோம். ஒன்றில் மட்டும் மாற்றினால் பொருளற்ற குறிகளே விழும். கடைச் சின்னத்தை யந்திரத்தின் நினைவகத்தில் பதித்தோம். அன்று மாலை ஐந்தாறு வினாடியில் ரசீது வந்தது. கன்னடத்தின் கீழே தமிழும் இருந்தது.