கடத்தல் என்னும் சொல்லும் சித்தேரி மலையும்

தமிழில் ‘கடத்தல்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. மரத்தைக் கொண்டுபோனாலும் கடத்தல், மனிதரைக் கொண்டுபோனாலும் கடத்தல். சித்தேரி மலையின் அண்மைக்கால வரலாறு இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில் சிக்கிக் கிடக்கிறது.

சித்தேரி மலையடிவாரத்து ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் ஊருக்குள் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, அடிபட்டவர்களையே சிறையில் அடைத்தார்கள். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றத்தான் அந்த நாடகம் நடந்தது என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள்மீது ‘கடத்தல்காரர்’ என்ற பெயர் எப்படி ஒட்டவைக்கப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகத்தான் இம்மக்களின் வழிவழிக் கதை.)

சந்தனம் போய்ச் செம்மரம் வந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்களைச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள் அவர்கள். தருமபுரியிலிருந்து போனவர்கள் சித்தேரி மலை ஊர்க்காரர்கள். கல்லும் கோடாரியும் வீசித் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்திலிருந்து பிடித்து இறக்கப்பட்டார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். கட்டட வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள் என்றன சில குடும்பங்கள். செய்திகளில் மட்டும் இறந்தவர்கள் ‘கடத்தல்காரர்’களாகவே இருந்தார்கள்.

ஒருவேளை சிலருக்கு மரம் வெட்டத்தான் போகிறோம் என்று தெரிந்திருக்கலாம். அதை மறைத்துப் பேசுவது நம் வேலையல்ல. ஆனால் 2013இல் திருத்தப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு என்ன சொன்னது? ஏமாற்றியோ, பணம் கொடுத்து ஆசைகாட்டியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ ஒருவரைச் சுரண்டலுக்காக ஆள்சேர்த்து அனுப்பினால் அது ஆள்கடத்தல். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அரசமைப்பின் 23ஆம் பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் ஒரே வரியில் தடை செய்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆக, மரத்தை வெட்டியவரை விசாரிக்கும்போதே அவரை அனுப்பியவரையும் இந்தப் பிரிவின்கீழ் விசாரித்திருக்க வேண்டும்.

அனுப்புகிறவர் நமக்குப் புதியவரும் அல்லர். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் சேரிகளிலிருந்து ஆள் பிடித்த கங்காணி, முன்பணத்தைக் கையில் வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். வழிச்செலவும் சோற்றுச்செலவும் கடனில் ஏறும். கடன் எழுதிய ‘துண்டு’தான் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றியது, 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. 1860இல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் ஏறியவர்களும் ஒப்பந்தத்துக்குச் ‘சம்மதித்த’வர்கள்தாம். மானாவாரிச் சாமையை நம்பி ஆண்டு முழுவதும் சாப்பிட முடியாத, காட்டு நிலத்துக்குப் பட்டா இல்லாத மலையில், முன்பணம் இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஆண்டுதோறும் ஜூலை 30இல் ஆள்கடத்தல் எதிர்ப்பு நாள் வருகிறது. சுவரொட்டியில் சங்கிலி கட்டிய சிறுமியின் படம் இருக்கும். சிறுமிகள் கடத்தப்படுவது உண்மை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கோடாரியோடு வண்டி ஏற்றப்படும் முப்பது வயது ஆண் அந்தப் படத்தில் இல்லை. அவர் மனைவியும், அவர் காணாமல் போனால் ‘மரம் வெட்டப் போனான்’ என்று சொல்லப் பயந்து, காவல் நிலையத்துப் பக்கமே போகமாட்டார். புரோக்கருக்கு அந்தப் பயம்தான் காப்பு.

ஆகவே, மலைக்குப் போகும் மாணவத் தோழர்கள் துண்டறிக்கையோடு ஒரு நோட்டும் எடுத்துச் செல்லுங்கள். முன்பணம் எவ்வளவு, கொடுத்தவர் யார், என்ன வேலை என்றார், வண்டி எந்த ஊரிலிருந்து வந்தது, திரும்பி வராதவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். 2015இல் அந்த 20 பேர் கிளம்பிய அன்றே யாராவது இதை எழுதி வைத்திருந்தால், விசாரணை வேறு இடத்திலிருந்து தொடங்கியிருக்கும்.