பரிந்துரைத் தரகு: புதுச்சேரி துபாஷி முதல் வங்கி ஊக்கத்தொகை வரை

புதிய வாடிக்கையாளரை அழைத்து வருபவருக்கு வங்கி தரும் வெகுமதி பரிந்துரை ஊக்கத்தொகை எனப்படுகிறது. செயலியில் அனுப்பும் குறியீடு, நண்பர் சேர்ந்ததும் வரவாகும் தொகை என இதன் வடிவம் புதியது. ஆனால் ஆளைக் கொண்டுவருவதற்குக் கூலி என்னும் ஏற்பாடு புதுச்சேரியில் முந்நூறு ஆண்டுகள் பழையது. கூலி வாங்கியவர், தாம் அழைத்து வந்தவருக்குப் பொறுப்பா என்ற கேள்வியும் அத்தனை பழையதுதான்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினிக்குத் துணி வேண்டியிருந்தது. உள்ளூர் வணிகரையும் தெரியாது, மொழியும் தெரியாது. ஆகவே தலைமைத் தரகர் ஒருவரை நியமித்தது. வணிகரை அவர் அழைத்து வருவார். அதற்குத் தரகு பெறுவார். வணிகரின் நாணயத்துக்கு அவர் பெயரே பிணை போல இருந்தது. 1708-இல் இப்பதவிக்கு வந்த நைநியப்ப பிள்ளையை 1716-இல் ஆளுநர் எபேர் கைது செய்தார். கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல் எனத் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் சிறையிலேயே இறந்தார். முறையீடு பாரிசு வரை சென்று தீர்ப்பு நீக்கப்பட்டது. மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு சென்று திரும்பி அதே பதவியில் அமர்ந்தார். இவ்வழக்கைச் சமயப் பூசலாக மட்டும் பார்ப்பது போதாது. தரகு, அன்பளிப்பு, கையூட்டு ஆகியவற்றைப் பிரிக்கும் கோடு அன்று மங்கலாக இருந்தது. அதிகாரத்தில் இருப்பவர் விரும்பிய இடத்தில் அதைப் போட முடிந்தது. 1736-இல் தொடங்கும் ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பிலும் இந்த மங்கலைக் காணலாம்.

19-ஆம் நூற்றாண்டில் சீனத் துறைமுகங்களில் இயங்கிய அயல்நாட்டு வங்கிகள் அந்தக் கோட்டைத் தெளிவாக்கின. அங்கே ‘கம்பிரதோர்’ எனப்பட்ட இடைத்தரகர், தாம் அழைத்து வந்த வாடிக்கையாளரின் கடனுக்கு ஈடு கட்ட வேண்டும். அதற்கே அவருக்குத் தரகு.

இந்திய வங்கிகளில் முறை வேறு. புதிய கணக்கு தொடங்குபவரை ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் கையொப்பமிட்டு அறிமுகம் செய்ய வேண்டும். காசு கிடையாது, பொறுப்பு மட்டும் உண்டு. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு, கவனக்குறைவின்றிக் காசோலை வசூலிக்கும் வங்கிக்கே பாதுகாப்புத் தருகிறது. அறிமுகம் இல்லாமல் கணக்கு திறப்பது கவனக்குறைவாகக் கருதப்படக்கூடும் என்பதால் வங்கிகள் இதை விடாப்பிடியாகக் கேட்டன. ஊருக்குப் புதிதாக வந்த கூலித் தொழிலாளிக்குக் கையொப்பமிட ஆள் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. பணமோசடித் தடுப்புச் சட்டம் 2005-இல் நடைமுறைக்கு வந்தது. அடையாள ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை முழுமையாக வங்கியுடையது ஆயிற்று. 2012-இல் ரிசர்வ் வங்கி, அறிமுகம் தேவையில்லை என அறிவித்தது.

இன்றைய ஊக்கத்தொகை இதற்கு நேர் எதிர்: காசு உண்டு, பொறுப்பு இல்லை. அதனாலேயே சட்டம் அதை நெருக்கிப் பிடிக்கிறது. வைப்புத்தொகை திரட்ட எவருக்கும் தரகோ ஊக்கத்தொகையோ தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். வீடு வீடாக வசூலிக்கும் முகவர், நேரடி விற்பனை முகவர், வங்கித் தொடர்பாளர் போன்றோருக்கு மட்டும் விலக்கு உண்டு. வைப்பாளருக்கே தரும் பரிசும் 250 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. குலுக்கல், இலவசச் சுற்றுலா கூடாது. கடன் அட்டைப் பரிந்துரைகள் இந்த வைப்புத்தொகை விதிக்குள் வருவதில்லை.

பரிந்துரை சங்கிலியாக நீண்டு, ஆள் சேர்ப்பதே வருமானமானால் 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் குறுக்கிடும். அதன்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. கல்லூரி மாணவரிடம் “கணக்கு தொடங்கித் தா, கமிஷன் தருகிறேன்” என்று கேட்பது இன்னொரு வகை. அப்படித் தொடங்கிய கணக்கு இணைய மோசடிப் பணத்துக்கு வழியாகும்போது, ஆவணத்தில் பெயர் உள்ளவரே முதலில் விசாரிக்கப்படுகிறார். சேர்த்துவிட்டவரின் பெயர் அந்த ஆவணத்தில் இருப்பதில்லை.