பெயரற்ற கல்லறையும் வெண்கலப் பதக்கமும்

அரியணை இழந்து, அயலார் காவலில் மாண்ட வேந்தனின் நினைவைப் போற்றுவோர் யாவர்? பிரெஞ்சுப் பேரரசர் முதலாம் நெப்போலியனின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கிறது.

1815ஆம் ஆண்டு வாட்டர்லூ போரில் தோல்வியுற்ற நெப்போலியனை ஆங்கிலேயர் தென் அட்லாண்டிக் கடலிலுள்ள செயின்ட் எலினா தீவில் சிறைவைத்தனர். 1821ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அங்கேயே அவர் மறைந்தார். கல்லறையில் 'நெப்போலியன்' என்று மட்டும் பொறிக்க வேண்டுமென உடனிருந்த பிரெஞ்சுக்காரர் வேண்டினர். தனிப்பெயரால் மட்டும் வழங்கப்பெறுதல் முடியுடையார்க்கு உரிய மரபு. ஆளுநர் அட்சன் லோ அதற்கு இசையாது, 'போனபார்ட்' என்னும் குடிப்பெயரையும் சேர்க்குமாறு வற்புறுத்தினார். இணக்கம் ஏற்படாமையால் கல் வெறுமையாகவே விடப்பட்டது. ஐரோப்பாவை நடுங்கவைத்தவரின் கல்லறையில் ஓரெழுத்தும் இல்லை! 1840ஆம் ஆண்டில் அவருடல் பாரிசு நகருக்குக் கொணரப்பெற்றது.

அவர்தம் படைவீரர்களோ முதுமையும் வறுமையும் எய்தியிருந்தனர். அண்ணன் வழி அரியணை உரிமை கோரிய தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன், பேரரசரானபின் 1857ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் 'செயின்ட் எலினா பதக்கம்' என்னும் வெண்கலப் பதக்கத்தை நிறுவினார். 1792 முதல் 1815 வரை போரிட்டு, அந்நாளில் உயிரோடிருந்த வீரர்க்கு அது வழங்கப்பெற்றது. பெற்றோர் ஏறத்தாழ 4 இலட்சம் பேர்; பிரெஞ்சுக் கொடியின்கீழ்ப் போரிட்ட அயல்நாட்டாரும் அவருள் அடங்குவர். ஒருபுறம் பேரரசரின் முகம். மறுபுறம், அவர்தம் இறுதி நினைவு தம் புகழில் பங்குகொண்ட தோழர்க்கே உரியது என்னும் கருத்தமைந்த வாசகமும், அவர் மறைந்த நாளும். அதன் பழுப்பு நிறங்கண்டு 'சாக்லெட் பதக்கம்' என்று எள்ளியோரும் உண்டு.

நன்றியுணர்வு ஒன்றே இதற்குக் காரணம் என்று கொள்ளுதல் பொருந்தாது. பெரிய தந்தையின் புகழால் தம் அரியணைக்கு வலுச்சேர்ப்பதும் மூன்றாம் நெப்போலியனின் நோக்கமாகும். ஆயினும் காலத்தின் தீர்ப்பு வேறாயிற்று. 1870ஆம் ஆண்டு செடான் போரில் தோற்று முடியிழந்த அவரும், 1873ஆம் ஆண்டில் இங்கிலாந்து மண்ணில் நாடிழந்தவராகவே மறைந்தார்.

பதக்கம் வார்த்தவரின் அரியணை நிலைக்கவில்லை. அதனை அணிந்த முதியோருக்கோ, தாம் பட்ட துன்பத்தை நாடு மறக்கவில்லை என்பதற்கு அச்சிறு வெண்கலமே சான்றாயிற்று. கல்லில் மறுக்கப்பட்ட பெயர் எளியோர் மார்பில் இடம்பெற்றது. வரலாறு பயில்வோர் பதக்கத்தில் பொறித்த முகத்தோடு, அதனைத் தாங்கிய நெஞ்சங்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.